மடக்குக்கத்தி மோகம்: ஒன்று வாங்கப்போய் இழுப்பறை நிறைந்துவிட்டது

மடக்குப்பித்தன் (கோவை):

மலையேற்றத்துக்குப் போகும்போது பழம் நறுக்க ஒரு கத்தி வேண்டுமென்று ஓபினெல் எண் 8 வாங்கினேன் (எண் என்பது அளவு). திட்டம் அவ்வளவுதான். பீச் மரப்பிடி, கழுத்தில் திருகும் வளையம், அலகில் முடிசூடிய ஒரு கை முத்திரை. அந்த முத்திரை என்னவென்று தேடினேன், அங்கேதான் வினை ஆரம்பித்தது. 1890-இல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்ற கொல்லர் வீட்டு இளைஞர் தொடங்கிய கத்தி. முத்திரை 1909-இல் வந்தது. அந்தக் கை, பக்கத்து ஊரான சாந்-ஜான்-த-மொரியென் நகரின் அடையாளம், புனித யோவானின் கை. வளையப் பூட்டு 1955 வரை கிடையாது. படிக்கப் படிக்க இன்னொன்று வேண்டும்போல் இருந்தது.

அடுத்து ஒரு விக்டோரிநாக்ஸ். அடுத்து சீனத் தயாரிப்பில் பெயர் வாங்கிய ரூயிக் ஒன்று. அப்புறம் தள்ளுபடியில் வந்த சில, அவற்றின் பெயர்களை இங்கே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது இரவில் படுத்துக்கொண்டு எஸ்30வி, எம்390, மேக்னாகட் என்று எஃகுப் பெயர்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெஞ்ச்மேட் பக்அவுட் என்ற விலையுயர்ந்த மடக்குக்கத்தி ஒன்று கண்ணிலேயே நிற்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கேட்க வேண்டியவை: விலை ஏற ஏற எஃகு உண்மையிலேயே வித்தியாசம் காட்டுமா? கண்டதையெல்லாம் வாங்காமல் ஒரு ஒழுங்கோடு சேர்ப்பது எப்படி? மழை ஆரம்பித்ததிலிருந்து ஓபினெல் திறக்கவே மாட்டேன் என்கிறது, அதற்கு என்ன செய்ய?

சந்தேகி:

பழம் நறுக்க வீட்டில் அரிவாள்மனை இல்லையா?

மடக்குப்பித்தன்:

அண்ணே, அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வெள்ளியங்கிரி ஏறச் சொல்கிறீர்களா?

குறிஞ்சிக்காரி (கொடைக்கானல்):

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எங்கள் ஊர் ஈரத்தில் வருஷம் பாதி இதே கதைதான். பீச் மரம் ஈரத்தைக் குடித்து உப்பி அலகை இறுக்கிக்கொள்கிறது. நகத்தால் இழுத்து நகம் போகக் கூடாது. வளையம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள், அலகின் முனை தானாக வெளியே எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்களும் இப்படித்தான் தட்டுவார்கள்.

நிரந்தரமாகச் சரிசெய்ய, வெயில் காலத்தில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஆளிவிதை எண்ணெயைப் பிடிக்குள், முக்கியமாக அலகு உட்காரும் பள்ளத்துக்குள், ஊறவிடுங்கள். மேலெல்லாம் வார்னிஷ் இருக்கும், உள்ளேதான் மரம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆணி இருக்கும் இடத்தில் கொஞ்சம் வாசலினைத் தடவி, ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் உருகி உள்ளே இறங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் பள்ளத்தின் உள்சுவரை உப்புத்தாளால் தேய்க்கலாம். கொஞ்சமாகத்தான் தேய்க்க வேண்டும். அதிகம் போனால் கோடையில் அலகு ஆடும்.

சமையல் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுபிசுத்து நாறும்.

உங்களுடையது கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா?

மடக்குப்பித்தன்:

கார்பன், அக்கா. கொய்யாப்பழம் நறுக்கியதும் கறுத்துப்போனது. தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறேன், போகவில்லை.

குறிஞ்சிக்காரி:

தேய்க்காதீர்கள்! அது துரு இல்லை. செம்மண் நிறத்தில் பொடிப்பொடியாக வருவதுதான் துரு. சாம்பலும் நீலமுமாகப் படிவது பட்டினா, ஓரளவு துருவைத் தடுத்து நிறுத்தும். மாங்காய் பருவத்தில் நாலு கிளிமூக்கை நறுக்கிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் வையுங்கள், மயில்கழுத்து நிறம் வரும். வாழைத்தண்டு நறுக்கினால் கருப்பாகவே ஆகும். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, ஈரமில்லாமல் மடக்க வேண்டும். அதைத் தவிர கார்பனுக்கு வேறு சேவை ஒன்றும் தேவையில்லை.

ஆயுத பூஜைக்கு வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் மறுநாள் காலையிலேயே துடைத்துவிடுங்கள். ஈரச் சந்தனத்தின் அடியில் பொட்டுப்பொட்டாக உண்மையான துரு வரும்.

பட்டறை (அம்பத்தூர்):

எஃகுக் கேள்விக்கு வருகிறேன். டூல் அண்ட் டை வேலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் நீளும்.

தம்பி, கத்தி வெட்டுவதற்கு முதல் காரணம் எஃகின் பெயர் இல்லை, அலகின் வடிவம். உங்கள் எண் 8-இன் அலகு முதுகுப்பக்கமே ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர்தான். அங்கிருந்து வெட்டுவாய் வரை மெலிந்துகொண்டே வருகிறது. பக்அவுட் சுமார் 2.3. பக் 110 என்று 1964-இலிருந்து விற்கும் பித்தளைத் தலைக் கத்தி 3 மில்லிமீட்டர், எடையும் 200 கிராம். மூன்றையும் ஒரே மாதிரி தீட்டி ஒரு கேரட்டை நறுக்கிப் பாருங்கள். ஓபினெல் நறுக்கும். தடித்த அலகு பாதி தூரம் போனதும் கேரட்டைப் பிளக்கும். அந்த ‘டக்’ சத்தம் கேட்டாலே தெரிந்துகொள்ளலாம், வெட்டுவாய்க்குப் பின்னால் தடிமன் அதிகம். விளம்பரத்தில் எஃகின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். இந்தத் தடிமனை எவனும் போட மாட்டான்.

இரண்டாவது காரணம் பதம் ஏற்றுவது, அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குவது. ஒரே எஃகை ஒருவன் ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் 57-இல் விடுவான், இன்னொருவன் 61 வரை கொண்டுபோவான். இரண்டும் கையில் வேறு வேறு கத்திகள். விக்டோரிநாக்ஸ் வேண்டுமென்றேதான் 56 பக்கத்தில் வைத்திருக்கிறது. கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனால் உடையாது, எந்தக் கல்லிலும் இரண்டு நிமிடத்தில் திரும்ப வரும். ராணுவத்துக்காகப் பிறந்த கத்திக்கு அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

எஃகு மூன்றாவதாக வருகிறது. அதற்காக அதை ஒதுக்கவும் முடியாது. சாதாரண எஃகை உருக்கி வார்த்தால் ஆறும்போது கார்பைடு என்ற கடினத் துகள்கள் பெரிது பெரிதாகத் திரண்டுவிடும். தேய்மானத்தைத் தாங்குபவை அவைதான், ஆனால் பெரிதாக இருந்தால் வெட்டுவாய் அந்த இடத்தில் பொரிந்துபோகும். பவுடர் முறையில் உருகிய எஃகை வாயு அழுத்தத்தால் தூளாகச் சிதறடித்து, அந்தத் தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் கட்டியாக்குகிறார்கள். துகள்கள் பொடியாக, சீராகப் பரவி நிற்கின்றன. 2001-இல் வந்த எஸ்30வி அந்த வகை. 2021-இல் வந்த மேக்னாகட்டை லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்தார். அதில் குரோமியத்தைக் கிட்டத்தட்ட 10.7 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டார். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அது குறைவாயிற்றே என்று தோன்றும். ஆனால் வழக்கமான ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியத்தின் ஒரு பகுதி கார்பைடுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், துருவைத் தடுக்க உதவாது. இதில் கார்பைடெல்லாம் வனேடியம், நியோபியம். குரோமியம் முழுக்க எஃகிலேயே கரைந்து நின்று தன் வேலையைப் பார்க்கிறது. ரொம்ப அழகான யோசனை, தொழில்காரனாகப் பார்த்து வியந்திருக்கிறேன். அதைத் தயாரித்த நியூயார்க் மாநிலத்து குரூசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் திவாலானது வேறு கதை.

ஆனால் வனேடியம் கார்பைடு, சாதாரணச் சாணைக்கல்லில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். உங்களிடம் வைரத் தகடு இல்லையென்றால் அந்த விலையுயர்ந்த கத்தி மழுங்கிய பிறகு மழுங்கியபடியே இருக்கும். தீட்டத் தெரியாதவனுக்கு மேக்னாகட் எதற்கு?

அலுமினிய_அடிமை (பெங்களூரு):

பட்டறை அண்ணா, கடைசி வரியை ஏற்க முடியாது. நான் வேலைக்குப் போகிற இடத்தில் தினமும் அட்டைப்பெட்டி கிழிக்கிறேன். அட்டை கூரைத் தின்னும். விக்டோரிநாக்ஸை வாரத்துக்கு ஒருமுறையாவது தீட்ட வேண்டியிருந்தது. எஸ்30வி மாதக்கணக்கில் தாங்குகிறது. தீட்டத் தெரியாதவனுக்குத்தான் கூர் தாங்கும் எஃகு தேவை. இன்னொன்று, 52 கிராம் பக்அவுட் சட்டைப்பையில் இருப்பதே தெரியாது. அதன் ஆக்ஸிஸ் பூட்டில் இருக்கும் குறுக்குக் கம்பியைப் பின்னால் இழுத்தால் அலகு தானாக விழும், விரல் அலகின் வழியில் வராது. பிடிக்குள் இருக்கும் தகடு அலகைத் தாங்கி நிற்கும் லைனர் லாக்கை மூடும்போது கட்டைவிரல் குறுக்கே நிற்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பட்டறை:

அட்டைப்பெட்டிக்கு என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். அட்டையில் மண்ணும் பசையும் கலந்திருக்கும், தேய்மானம் தாங்கும் எஃகு அங்கே காசுக்குத் தகும். தம்பி நறுக்குவது கொய்யாப்பழம்.

சந்தேகி:

அட்டைப்பெட்டிக்கு பத்து ரூபாய் பிளேடு கட்டர். மழுங்கினால் ஒடித்துப் போடலாம்.

அலுமினிய_அடிமை:

இவர் எதற்கு இந்த இழையில் இருக்கிறார்?

பாசல்_அண்ணை (சுவிட்சர்லாந்து):

தம்பி மடக்குப்பித்தன், உங்கட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். எல்லாரும் எஃகைப் பற்றியே கதைக்கிறார்கள், சேர்ப்பதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் பாடசாலைக்கு வில்லுக்கத்தி கொண்டுபோய் அடி வாங்கிய தலைமுறை நான். இங்கே வந்தபிறகு பழைய சாமான் சந்தைகளில் இராணுவக் கத்திகளைக் கண்டேன். முதலில் நானும் கண்டதெல்லாம் வாங்கினேன். பிறகு ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: 1961 மாதிரிப் படைவீரர் கத்தி. சாம்பல் நிற அலுமினியப் பிடி, 93 மில்லிமீட்டர். ஒரு அலகு, ஒரு டின் திறப்பான், போத்தல் திறக்கிற திருப்புளி, ஒரு துளையூசி. வேறொன்றுமில்லை. 2008-இல் பச்சைப் பிடியுள்ள புது மாதிரி தெரிவாகும் வரை படையினருக்கு இதைத்தான் கொடுத்தார்கள்.

இதில் என்ன விசேஷம் என்றால், அலகின் அடியில் செய்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். செய்தவர்களும் இரண்டு பேர். ஜெர்மன் பேசும் ஷ்வீஸ் மாநிலத்தில் இபாக் ஊரிலுள்ள விக்டோரிநாக்ஸ், பிரெஞ்சு பேசும் ஜூரா பக்கம் டெலிமோன் ஊரிலிருந்த வெங்கர். இரண்டு பக்கத்தாரும் கோபிக்காமல் இருக்க அரசாங்கம் இராணுவ ஓடரைப் பாதிப்பாதியாகப் பிரித்துக் கொடுத்தது. 2005-இல் விக்டோரிநாக்ஸ் வெங்கரை வாங்கிவிட்டது. ஆக, ஒரு ஆண்டுக்கு இரண்டு கத்தி தேடவேண்டும். பிடியில் யாரோ ஒரு படைவீரன் தன் பெயரின் முதலெழுத்தைச் சுரண்டி வைத்திருப்பான். பளபளவென்று புதிதாக இருப்பதைவிட எனக்கு அவைதான் விருப்பம்.

ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். சுவிஸ் இராணுவக் கத்தி என்றவுடன் எல்லாரும் கோர்க் திருகியை நினைக்கிறார்கள். படைவீரர் கத்தியில் அது ஒருநாளும் இருந்ததில்லை. கார்ல் எல்செனர் 1897-இல் பதிவுசெய்த ‘அதிகாரி கத்தி’யில்தான் அது உண்டு, அதை இராணுவம் வழங்கவில்லை. விருப்பமான அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கினார்கள். அதைவிட வேடிக்கை, 1891-க்கான முதல் தொகுதிக் கத்திகளைச் செய்ய இங்கே ஆள்பலம் போதாமல் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்வித்தார்கள்.

ஒரு கோட்டைப் பிடியுங்கள் தம்பி. ஒரே மாதிரி, அல்லது ஒரே ஊர், அல்லது ஒரே வகைப் பூட்டு. கோட்டுக்கு வெளியே இருப்பதைக் கண்டால் ரசித்துவிட்டு நடக்கலாம்.

மடக்குப்பித்தன்:

அண்ணா, இது நான் யோசிக்காத வழி. ஆனால் விக்டோரிநாக்ஸ்காரர்கள் ஆண்டுதோறும் அலாக்ஸில் (அலுமினியப் பிடிக் கத்திகள்) ஒரு புது நிறம் விடுகிறார்களே, அதுவும் ஒரு கோடுதானே?

பாசல்_அண்ணை:

அது அவர்கள் உங்களுக்குப் போட்ட கோடு. சந்தையில் பழைய கத்தியை நீங்கள் தேடிப் போகிறீர்கள். ‘இந்த ஆண்டு மட்டும்’ என்று எழுதிய பெட்டி உங்களைத் தேடி வருகிறது. நிறம் பிடித்திருந்தால் வாங்குங்கள், வரிசை விட்டுப்போகுமே என்று வாங்காதீர்கள்.

ரோஹில்கண்ட்_ரசிகன் (தில்லி):

எல்லோரும் ஐரோப்பாவையே சுற்றுகிறீர்கள், நம் நாட்டு மடக்குக்கத்தியை ஒருவரும் சொல்லவில்லையே. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். பித்தளைப் பிடி, மீன் வால்போல் முடிவது, திறக்கும்போது பல்சக்கரம் கடகடவென்று பேசும். எழுபதுகளின் இந்திப் படங்களில் ஒரு தலைமுறை வில்லன்களின் கையில் இருந்தது இதுதான். அந்தப் புகழே அதற்கு எமனாகவும் வந்தது. 4.5 அங்குலத்துக்கு மேல் அலகு கூடாதென்று மாநில அரசு தொண்ணூறுகளில் தடை போட்டதும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. 2023-இல் ஊர் நுழைவில் 20 அடி உயரத்துக்கு ஒரு ராம்பூரிக் கத்தியை நட்டு வைத்திருக்கிறார்கள். சிலை இருக்கிறது, கைவேலை தெரிந்தவர்கள் சிலர்தான் மிச்சம்.

ஜப்பானிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஹிகோனோகாமி என்று மடித்த தகட்டில் பிடி, பூட்டே கிடையாது, அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்தது. 1960-இல் சோசலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமாவை ஒரு பதினேழு வயதுப் பையன் மேடையிலேயே குட்டைவாளால் குத்திக் கொன்றான். அதன்பின் பிள்ளைகள் கையில் கத்தி கூடாதென்று ஒரு இயக்கமே எழுந்தது. இன்று அந்தப் பெயரை உரிமையோடு பொறிக்கும் பட்டறை மிகி நகரில் ஒன்றுதான். விலை ஒன்றும் அதிகமில்லை. ஒரு கோடு வேண்டுமென்றால் ‘சட்டத்தோடு மோதிய மடக்குக்கத்திகள்’ என்றே ஒரு வரிசை சேர்க்கலாம்.

குறிஞ்சிக்காரி:

சட்டம் என்றதும் ஞாபகம். பையில் வைத்துக்கொண்டு அலைவது பற்றி யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன். பேருந்தில் போகும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருடல்.

லண்டன்_காத்தான்:

இங்கே கணக்கு சுலபம். அலகின் வெட்டும் பகுதி 3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், திறந்தால் பூட்டிக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் நீளம் எவ்வளவு குறைவானாலும் நியாயமான காரணம் காட்ட வேண்டும். அதனால் எண் 8 வீட்டில்தான். வளையப் பூட்டு எண் 6-இலிருந்துதான் வருகிறது, எண் 5-க்குப் பூட்டில்லை, அலகு 6 சென்டிமீட்டர். அதைத்தான் நான் பையில் வைத்திருக்கிறேன். பாசல் அண்ணையின் 1961 மாதிரியும் பூட்டில்லாதது, இங்கே தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் வேறு கணக்கு, ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்வதற்குத்தான் அங்கே வெளியில் கொண்டுபோகத் தடை. 2024-இலிருந்து திருவிழாக் கூட்டங்களிலும் நெடுந்தூர ரயில்களிலும் இன்னும் கறார்.

பட்டறை:

இந்தியாவில் ஆயுத விதிகள் 2016-இன் அட்டவணை, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்திகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கிறது, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவை நீங்கலாக. மாநில, நகர அளவில் தனி அறிவிக்கைகளும் உண்டு. தில்லியில் ஸ்பிரிங்கில் திறக்கும் கத்திக்கு 1980-இலிருந்தே கட்டுப்பாடு இருக்கிறது. பித்தான் அழுத்தித் திறப்பதை எங்குமே தொடாமல் இருப்பது நல்லது. மற்றபடி ஸ்கேனர் இருக்கும் இடங்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். விமானத்தில் என்றால் செக்-இன் பெட்டிக்குள். ஊர்வலம், கூட்டம், தேர்தல் நேரத்தில் வீட்டிலேயே வையுங்கள். சோதனை போடும் காவலரிடம் பட்டினாவைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

மடக்குப்பித்தன்:

எல்லோருக்கும் நன்றி. மேசை விளிம்பில் தட்டினேன், அலகு எட்டிப் பார்த்தது! பக்அவுட்டை இப்போதைக்குத் தள்ளிவைத்தேன். அந்தக் காசில் ஒரு கல் வாங்கலாமென்று இருக்கிறேன். பட்டறை அண்ணா, எந்தக் கல்? எப்படித் தீட்டுவது? வாசலில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

பட்டறை:

சாணைக்காரர் அரிவாளுக்கும் தேங்காய் வெட்டும் கத்திக்கும் சரி. வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய அலகு சூடேறிப் பதம் போய்விடும். உங்கள் ஓபினெலை அவரிடம் கொடுக்காதீர்கள்.

1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) தண்ணீர்க்கல் ஒன்று போதும். வெட்டுவாய் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசுங்கள். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில் லேசாக நாலு இழுப்பு இழுத்து, மை எங்கே அழிந்திருக்கிறதென்று பாருங்கள். மேல்பக்கம் அழிந்தால் சாய்வு குறைவு, ஓரத்தில் மட்டும் அழிந்தால் சாய்வு அதிகம். சரியான கோணம் கிடைத்ததும் ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருங்கள், மறுபக்கம் மடிந்து எழும் மெல்லிய உலோகப் பிசிறு விரலில் தட்டுப்படும் வரை. பிசிறு முனையிலிருந்து அடி வரை வந்தால்தான் பக்கம் மாற்ற வேண்டும். புதியவர்கள் தோற்பது இங்கேதான். பிசிறு வருவதற்கு முன்னாலேயே பக்கம் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் தேய்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக இழுத்துப் பிசிறைக் குறைத்து, பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப்புப் பக்கத்தில் பச்சை பாலிஷ் தடவி, முதுகு முன்னால் போகும்படி இழுங்கள். பேப்பர் சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

கல் வாங்கும்வரை பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு இல்லாத வளையத்தில் இழுங்கள். சிரிக்க வேண்டாம், நன்றாகவே வரும்.

மடக்குப்பித்தன்:

கோப்பையில் இழுத்துப் பார்த்தேன். பேப்பர் இறங்கியது, அந்தச் சத்தமும் இல்லை. தள்ளுபடியில் வாங்கியவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிடப் போகிறேன், கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து, அம்மா திட்டாதபடி. கோட்டையும் பிடித்துவிட்டேன். ஓபினெல் கார்பன், எண் 2 முதல் 12 வரை. 11 கிடையாது, ஆக மொத்தம் பத்து. அதோடு முடிந்தது.

பாசல்_அண்ணை:

நல்ல கோடு. ஆனால் 13 என்றும் ஒன்று இருக்கிறது, தெரியும்தானே? ‘பூதம்’ என்று பெயர், அலகு மட்டும் 22 சென்டிமீட்டர்.

மடக்குப்பித்தன்:

ஐயோ அண்ணா, இதை ஏன் சொன்னீர்கள்.

சந்தேகி:

9 அங்குலம் என்றால் 22.86 சென்டிமீட்டர். நீளத்தில் தப்பித்துவிடும். வீட்டில் தப்பிக்குமா என்பதை இவர்தான் சொல்ல வேண்டும்.